மௌனம் சம்மதம் ஆகாது: தானாகப் புதுப்பிக்கப்படும் சேவைகளும் நம் வீட்டுக் கணக்கும்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு மாதத்தின் முதல் வாரத்தில் சம்பளம் ஏறுகிறது. வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகைக் கடன் என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். மறுநாள் காலை பார்த்தால் 299 ரூபாய் குறைகிறது. எந்தக் கடையிலும் அவர் பணம் கொடுக்கவில்லை. யாருக்கும் ஓடிபி சொல்லவில்லை. துருவிப் பார்த்தால், மூன்று மாதங்களுக்கு முன் பிள்ளை ஒரு ரூபாய் கட்டிச் சேர்ந்து பார்த்த படிப்பு ஆப் அது. பிடிக்கவில்லை என்று ஆப்பை அந்த வாரமே போனிலிருந்து நீக்கியாகிவிட்டது. பணம் மட்டும் மாதா மாதம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

இப்படி ஒரு காட்சி நம்மில் பலருக்குப் புதிதல்ல. ஆவடியில் அது குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்தின் ஏஎம்சியாக இருக்கும். பூந்தமல்லியில் அது ஒரு ஓடிடி சந்தாவாகவோ, போனில் யாரும் கேட்காத காலர் டியூனாகவோ இருக்கும். தொகை சிறியது என்பதால் சண்டை போட நேரமில்லை என்று விட்டுவிடுகிறோம். மாதம் 299 என்றால் ஆண்டுக்கு 3,588 ரூபாய். இப்படி மூன்று சேவைகள் ஒட்டிக்கொண்டிருந்தால் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும்.

இதில் நம் தவறும் இருக்கிறது, நிறுவனங்களின் தந்திரமும் இருக்கிறது. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: நாம் 'வேண்டாம்' என்று சொல்லாமல் இருந்தாலே, 'வேண்டும்' என்று சொன்னதாக எடுத்துக்கொள்ளலாமா? கூடாது என்றுதான் நாட்டின் சட்டம் மெல்ல மெல்லச் சொல்லி வருகிறது. அந்தச் சட்டம் நம் வீடு வரை வந்து சேர்வதில் எங்கே இடைவெளி விழுகிறது என்பதை இங்கே பார்ப்போம்.

பணம் எந்த வழியாகப் போகிறது?

புகார் ஒன்றுதான். ஆனால் பணம் வெளியேறும் வாசல்கள் பல. எந்த வாசல் என்று தெரியாமல் பூட்டுப் போட முடியாது.

முதல் வாசல், டெபிட் அல்லது கிரெடிட் கார்டு. ஒருமுறை கார்டு எண்ணைக் கொடுத்து ஓடிபியும் போட்டால், 'இனி இவர்கள் கேட்கும்போது கொடு' என்ற நிரந்தர அனுமதி வங்கியில் பதிவாகிவிடுகிறது. இதற்கு இ-மேண்டேட் என்று பெயர்.

இரண்டாவது, யுபிஐ ஆட்டோபே. 2020 ஜூலையில் அறிமுகமானது. பின் எண்ணை ஒரே ஒருமுறை அழுத்தினால் போதும். அடுத்தடுத்த மாதங்களில் பின் கேட்காமலே பணம் போகும். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் சோதனைச் சந்தாக்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். நாம் ஒரு ரூபாய் கொடுப்பதாக நினைத்துப் பின் எண்ணைப் போடுகிறோம். அதே திரையில் மாதம் எவ்வளவு வரை எடுக்கலாம், எந்த ஆண்டு வரை எடுக்கலாம் என்பதும் சின்ன எழுத்தில் இருக்கிறது.

மூன்றாவது, வங்கிக் கணக்கிலிருந்தே நேராக எடுக்கும் நாச் மேண்டேட். கடன் தவணைக்கும் காப்பீட்டுப் பிரீமியத்துக்கும் இது வழக்கம்.

நான்காவது, போனில் உள்ள பிளே ஸ்டோர் அல்லது ஆப் ஸ்டோர். இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஆப்பை நீக்கினால் சந்தா நீங்காது. ஸ்டோரின் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பகுதிக்குள் போய் ரத்து செய்தால்தான் அது நிற்கும்.

ஐந்தாவது, சிம் கார்டின் ரீசார்ஜ் பணம். கேட்காத காலர் டியூன், கிரிக்கெட் செய்தி, ஜோதிடம் என்று பிடித்த காலம் நமக்கு நினைவிருக்கும். புகார்கள் பெருகியதால் 2013-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இத்தகைய சேவைகளைத் தொடங்க வாடிக்கையாளரிடம் இரண்டு முறை உறுதி பெற வேண்டும் என்று உத்தரவிட்டது. நிறுத்துவதற்கு 155223 என்ற கட்டணமில்லா எண்ணையும் பொதுவாக்கியது.

ஆறாவதாக ஒரு வாசல் உண்டு. அது பழைய முறை. நம் புறநகர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரையும் லாரி நீரையும் நம்பியிருக்கும் வீடுகளில் ஆர்ஓ இயந்திரம் இல்லாத சமையலறை குறைவு. அதற்கு ஆண்டு பராமரிப்பு ஒப்பந்தம், அதாவது ஏஎம்சி போடுகிறோம். 'முடிவுத் தேதிக்கு இத்தனை நாள் முன்பு எழுத்தில் தெரிவிக்காவிட்டால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும்' என்ற வரி அந்தத் தாளின் பின்பக்கத்தில் இருந்தால், அடுத்த ஆண்டுக்கான கட்டணம் ஏற்கெனவே நம் தலையில் ஏறிவிட்டது என்று பொருள். கார்டு விவரமும் அந்த நிறுவனத்திடம் இருந்தால், கேட்கக்கூட வேண்டியதில்லை.

ரிசர்வ் வங்கி போட்ட வேலி

2019 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி கார்டு இ-மேண்டேட்டுகளுக்கு விதிகள் வகுத்தது. முதல் முறை பதியும்போது ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பு கட்டாயம். அதன்பின் ஒவ்வொரு முறை பணம் எடுப்பதற்கும் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக வாடிக்கையாளருக்கு வங்கி செய்தி அனுப்ப வேண்டும். யாருக்கு, எவ்வளவு, எப்போது, எதற்காக என்பது அதில் இருக்க வேண்டும். அந்த ஒரு முறையை மட்டுமோ, மொத்த மேண்டேட்டையுமோ ரத்து செய்யும் வசதியும் தர வேண்டும். இந்த வசதிக்காக வாடிக்கையாளரிடம் வங்கி கட்டணம் வசூலிக்கக் கூடாது.

வங்கிகளும் நிறுவனங்களும் அவகாசம் கேட்டதால் இந்த விதிகள் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2021 அக்டோபர் 1-இல்தான். அந்த மாதம் பலருடைய ஓடிடி சந்தாக்கள் திடீரென்று நின்றுபோனது நினைவிருக்கலாம். விதிக்கு ஒத்துவராத பழைய அனுமதிகள் அறுந்ததுதான் அதற்குக் காரணம்.

நல்ல வேலிதான். ஆனால் அதன் உயரம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. மறுபடி ஓடிபி கேட்காமல் எடுக்கக்கூடிய தொகையின் உச்சவரம்பு தொடக்கத்தில் 2,000 ரூபாய். 2021 தொடக்கத்தில் அது 5,000 ஆனது. 2022 ஜூனில் 15,000 ஆனது. 2023 டிசம்பரில் காப்பீட்டுப் பிரீமியம், மியூச்சுவல் ஃபண்ட், கிரெடிட் கார்டு பில் ஆகிய மூன்றுக்கு மட்டும் ஒரு லட்சமாக உயர்த்தப்பட்டது.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. கல்விக் கட்டணம், பிரீமியம் போன்ற பெரிய தொகைகளையும் தடங்கலின்றிக் கட்ட மக்களுக்கு வசதி வேண்டும் என்பதுதான் அது. பிரீமியம் கட்ட மறந்து மருத்துவக் காப்பீடு காலாவதியானால் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போதுதான் அதன் வலி தெரியும். அதனால் தானாகப் புதுப்பிப்பது எல்லாமே தீங்கு என்று நாம் சொல்லவில்லை. ஆனால் நடுத்தரக் குடும்பம் வாங்கும் ஏறக்குறைய எல்லாச் சேவையும், ஆர்ஓ ஏஎம்சி முதல் ஆண்டுச் சந்தா வரை, 15,000 என்ற கோட்டுக்குக் கீழேயே வந்துவிடுகிறது. ஆகவே நமக்கும் அந்தப் பணத்துக்கும் நடுவே மிஞ்சியிருக்கும் ஒரே காவல், அந்த 24 மணி நேரச் செய்திதான்.

அந்தச் செய்தி யாருக்குப் போகிறது?

இங்கேதான் நம் குடும்பங்களின் நிலைமை தனியானது. கணக்கு அத்தா பெயரில் இருக்கிறது. அவரோ துபாயிலோ ரியாத்திலோ இருக்கிறார். வங்கியில் பதிவான இந்திய எண்ணுள்ள சிம் பெட்டிக்குள் கிடக்கிறது, அல்லது ரீசார்ஜ் இல்லாமல் முடங்கிவிட்டது. ஏடிஎம் கார்டு வீட்டில் அம்மாவிடம். யுபிஐ ஆப்பும் ரகசிய எண்ணும் மூத்த பிள்ளையின் கையில். கார்டு எண்ணைப் போட்டது ஒருவர், பணம் இன்னொருவருடையது, எச்சரிக்கைச் செய்தி போவது யாரும் பார்க்காத எண்ணுக்கு.

உள்ளூரிலேயே இருப்பவர்களுக்கும் வேறு சிக்கல். செய்தி ஆங்கிலத்தில் வருகிறது. கடன் தருகிறோம், வீட்டுமனை விற்கிறோம் என்று ஒரு நாளைக்கு வரும் இருபது விளம்பரங்களுக்கு நடுவே வருகிறது. ஓய்வு பெற்ற பெரியவர்கள் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை. சட்டம் தன் கடமையைச் செய்துவிட்டது. வங்கியும் செய்தி அனுப்பிவிட்டது. பிறகு நாம் போய் நின்றால், 'உங்களுக்கு முன்கூட்டியே தெரிவித்தோமே' என்பார்கள். அதற்கு நம்மிடம் பதில் இருக்காது.

ஆகவே இந்த வாரமே செய்ய வேண்டிய முதல் வேலை, வங்கியில் பதிவான எண்ணும் மின்னஞ்சலும் இன்று யார் கையில் இருக்கின்றன என்று பார்ப்பது. எச்சரிக்கை எஸ்எம்எஸ்ஸில் வர வேண்டுமா, மின்னஞ்சலில் வர வேண்டுமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை ரிசர்வ் வங்கியின் விதியிலேயே இருக்கிறது. வெளிநாட்டில் இருப்பவர் மின்னஞ்சலைப் பார்க்க முடியும் என்றால் அதையே கேட்டு வாங்கலாம்.

சந்தாப் பொறி என்று சட்டமே பெயர் வைத்திருக்கிறது

நாம் கவனிக்கவில்லை என்பது பாதி உண்மைதான். மறு பாதி, கவனிக்க முடியாதபடி திட்டமிட்டே செய்யப்படுகிறது. சேர்வதற்கு ஒரு பொத்தான். விலகுவதற்கு ஆறு திரைகள், ஒரு தொலைபேசி அழைப்பு, 'உண்மையிலேயே இந்தச் சலுகைகளை இழக்க விரும்புகிறீர்களா?' என்ற கேள்வி.

2020 ஜூலையில் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் இதில் ஒரு தெளிவான கோட்டைப் போட்டன. வாடிக்கையாளர் தானே முன்வந்து வெளிப்படையாகச் செய்யும் செயலால்தான் சம்மதம் பதிவாக வேண்டும். முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டங்கள் மூலம் சம்மதத்தைத் தானாகப் பதியக் கூடாது. அதே விதிகளின்படி, ஒவ்வொரு மின்வணிக நிறுவனத்துக்கும் ஒரு குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

அடுத்து 2023 நவம்பர் 30-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், இணையத்தில் வாடிக்கையாளரை மயக்கும் 13 வகைத் தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. அதில் ஒன்றின் பெயரே சந்தாப் பொறி. ரத்து செய்வதை முடியாத அளவுக்குச் சுற்றி விடுவது, ரத்து செய்யும் இடத்தை மறைத்து வைப்பது, இலவசச் சேவைக்கே பணம் செலுத்தும் விவரங்களைக் கட்டாயமாகக் கேட்பது ஆகியவை இதில் அடங்கும்.

இது நம் நாட்டின் சிக்கல் மட்டுமல்ல. ஜெர்மனியில் 2022 ஜூலை முதல், இணையத்தில் சந்தா விற்கும் நிறுவனம் தன் தளத்திலேயே தெளிவான ரத்துப் பொத்தான் வைக்க வேண்டும் என்பது சட்டம். அமெரிக்காவில் அமேசான் தன் பிரைம் சந்தாவில் மக்களை அவர்கள் அறியாமல் சேர்த்ததாகவும், விலகுவதைக் கடினமாக்கியதாகவும் அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2023-இல் வழக்குத் தொடர்ந்தது. 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. அதில் 150 கோடி டாலர் வாடிக்கையாளர்களுக்கே திரும்பக் கொடுக்க ஒதுக்கப்பட்டது. அமேசான் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் சின்னச் சின்னத் தொகைகளைப் பற்றி மக்கள் பேசாமல் விட்டிருந்தால் இவ்வளவு பெரிய தொகை திரும்பி வந்திருக்காது.

436 ரூபாயும் 20 ரூபாயும்

தனியார் நிறுவனங்களை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமாகாது. 2015-இல் மத்திய அரசு தொடங்கிய இரண்டு காப்பீட்டுத் திட்டங்கள் இருக்கின்றன. பிரதமர் ஜீவன் ஜோதி திட்டத்தில் ஆண்டுக்கு 436 ரூபாயும், விபத்துக் காப்பீடான சுரக்ஷா திட்டத்தில் 20 ரூபாயும் மே மாத இறுதியில் சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகக் கழிகின்றன. குறைந்த பிரீமியத்தில் 2 லட்சம் ரூபாய் பாதுகாப்பு தரும் திட்டங்கள் இவை. விரும்பிச் சேர்ந்தவர்களுக்கு அது பயன்தான்.

ஆனால் தாங்கள் கேட்காமலே வங்கியில் சேர்த்துவிட்டார்கள் என்ற புகார்கள் நாடு முழுவதும் எழுந்திருக்கின்றன. நம் குடும்பங்களில் ஆயுள் காப்பீட்டை மார்க்க அடிப்படையில் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது 436 ரூபாய் விஷயம் மட்டுமல்ல, தாம் ஒதுங்கி நின்ற ஒன்றில் தம் பெயர் சேர்ந்திருப்பது. பாஸ்புக்கில் மே, ஜூன் மாத வரிகளைப் பாருங்கள். வேண்டாம் என்றால் மே மாதம் பிறப்பதற்கு முன்பே வங்கிக் கிளையில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டும் என்றால், வாரிசுதாரர் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பணம் மட்டும் கழிந்து, திட்டத்தில் இருப்பதே குடும்பத்துக்குத் தெரியாமல் போனால் அதுவும் நஷ்டம்தான்.

நாம் செய்ய வேண்டியவை

முதலில், கடந்த 12 மாத வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். ஒரு மாதம் மட்டும் பார்த்தால் ஆண்டுச் சந்தாக்கள் கண்ணில் படாது.

இரண்டாவது, ரத்து செய்வதை வாசலிலேயே செய்ய வேண்டும். யுபிஐ ஆப்பில் 'ஆட்டோபே' பகுதி, வங்கியின் ஆப்பில் மேண்டேட் பகுதி, ஸ்டோரில் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் பகுதி. ரத்தானதும் திரையைப் படம் எடுத்து வையுங்கள். நாளை புகார் கொடுக்கும்போது அதுதான் சாட்சி. வெளிநாட்டுத் தளங்களில் கார்டைப் பயன்படுத்தாதவர்கள், வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்தே வைக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். வாங்கிய கடனின் தவணை மேண்டேட்டை இந்த வேகத்தில் ரத்து செய்துவிடக் கூடாது. அது வேறு சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். அதேபோல், பணம் எடுக்கக் கூடாது என்று கணக்கைக் காலியாக வைப்பதும் தீர்வல்ல. நாச் மேண்டேட் திரும்பினால் வங்கி அதற்கும் அபராதம் பிடிக்கும்.

மூன்றாவது, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 'சேவையைப் பயன்படுத்தவில்லை, புதுப்பிக்கச் சம்மதிக்கவில்லை, பணத்தைத் திருப்பிக் கொடுங்கள்' என்று மூன்று வரி போதும். பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.

நான்காவது, தவறு வங்கியுடையது என்றால், அதாவது எச்சரிக்கை வரவில்லை, அல்லது ரத்து செய்த பிறகும் எடுத்தார்கள் என்றால், முதலில் வங்கியில் புகார் செய்து எண் வாங்குங்கள். 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அனுமதியே கொடுக்காத பரிவர்த்தனை என்றால் மூன்று வேலை நாட்களுக்குள் வங்கிக்குத் தெரிவிப்பது மிக முக்கியம்.

ஐந்தாவது, மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஆவடி, பூந்தமல்லி மக்களுக்குத் திருவள்ளூர். அம்பத்தூர் இப்போது சென்னை மாவட்டத்தில் இருக்கிறது. நிறுவனம் மும்பையில் இருந்தாலும் நாம் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பணத்தைத் திரும்பப் பெறும் அவசரத்தில் கூகுளில் 'கஸ்டமர் கேர்' எண்ணைத் தேடி அழைக்காதீர்கள். 'ரீஃபண்ட் தருகிறோம்' என்று சொல்லி ஓடிபி கேட்கும் மோசடிக்காரர்கள் அங்கேதான் காத்திருக்கிறார்கள். 299 ரூபாயைத் தேடப் போய்ச் சேமிப்பையே இழக்க வேண்டாம். அப்படி நேர்ந்துவிட்டால் உடனே 1930-ஐ அழையுங்கள்.

வாங்குபவர் மட்டுமல்ல, விற்பவரும் நாம்தான்

விற்பவர், வாங்குபவர் இருவரின் மனமொப்புதலும் இல்லாத வியாபாரம் ஆகுமானதல்ல என்பது நமக்குப் புதிய பாடம் அல்ல. அந்தப் பாடத்தை நிறுவனங்களை நோக்கி மட்டும் நீட்டினால் அது பாதிப் பாடம். நம்மிலும் ஏசி மெக்கானிக் இருக்கிறார், ஆர்ஓ சர்வீஸ் நடத்துபவர் இருக்கிறார், இணைய இணைப்பு கொடுப்பவர், ஜிம் நடத்துபவர், டியூஷன் நடத்துபவர் இருக்கிறார். ஏஎம்சி முடியும் முன் வாடிக்கையாளரிடம் 'தொடரலாமா?' என்று ஒரு வார்த்தை கேட்பதால் சில பேர் விலகலாம். விலகுகிறவர்களின் பணம் எப்படியும் நமக்குரியது அல்ல. மிஞ்சுகிறவர்கள் அடுத்த தெருவில் நம் பெயரைச் சொல்வார்கள்.

ஜமாஅத்துகளுக்கும் இதில் ஒரு சிறு வேலை இருக்கிறது. மாதம் ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, விவரம் தெரிந்த இரண்டு இளைஞர்கள் பள்ளிவாசல் வளாகத்தில் அரை மணி நேரம் உட்காரட்டும். பெரியவர்கள் தங்கள் போனைத் தாங்களே பிடித்துக்கொண்டு, தங்கள் பெயரில் என்னென்ன மேண்டேட் ஓடுகிறது என்று பார்க்கக் கற்றுக்கொடுக்கட்டும். பின் எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, போனை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. பெண்களுக்கு, பெண்கள் மதரஸாவில் இதையே செய்யலாம். வெளிநாட்டில் கணவர் இருக்கும் வீடுகளில் கணக்கைப் பார்ப்பது பெரும்பாலும் அவர்கள்தான்.

சட்டம் நமக்கு 24 மணி நேரம் கொடுத்திருக்கிறது. அந்தச் செய்தி வரும் போன் இப்போது யார் கையில் இருக்கிறது என்று இன்று இரவே வீட்டில் கேட்டுப் பார்ப்போம்.